கும்பிடுவதை நிறுத்துங்கள், கணக்குக் கேளுங்கள்

2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு நாடே வாசலில் நின்று கை தட்டியது, தட்டு தட்டியது, மணி அடித்தது. ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு மின்விளக்குகளை அணைத்து அகல் ஏற்றியது. மே 3 அன்று விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகளின் மேல் பூத்தூவிச் சென்றன. எல்லாம் மருத்துவப் பணியாளர்களுக்கான நன்றி என்று சொல்லப்பட்டது.

அதே ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி எழுந்தது. கொரோனாவால் எத்தனை மருத்துவப் பணியாளர்கள் இறந்திருக்கிறார்கள்? சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பில் வருவது, ஒன்றிய அளவில் அந்த விவரம் வைக்கப்படவில்லை என்று பதில் வந்தது. கொதித்துப்போன இந்திய மருத்துவச் சங்கம், இறந்த 382 மருத்துவர்களின் பட்டியலைத் தானே வெளியிட்டது. அதுவும் மருத்துவர்களின் பட்டியல் மட்டுமே. வார்டு கழுவியவர், ஆம்புலன்ஸ் ஓட்டியவர், சளி மாதிரி எடுத்தவர், பிணத்தைப் பொதிந்து கட்டியவர் யாரும் அதில் இல்லை.

பூத்தூவ ஹெலிகாப்டர் இருந்தது. இறந்தவர்களை எண்ண ஒரு நோட்டுப் புத்தகம் இல்லை. இரண்டும் தற்செயலாக ஒரே ஆண்டில் நடந்தவை என்று நான் நினைக்கவில்லை. அவர்களைக் கும்பிட்டதால்தான் நம்மால் அவர்களைக் கணக்கெடுக்காமல் இருக்க முடிந்தது.

கடவுள் என்று ஒருவரை அழைத்துவிட்டால் அடுத்து என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கடவுளுக்குப் பசிக்காது. கடவுளுக்கு வார விடுமுறை வேண்டாம். கடவுள் சம்பள உயர்வு கேட்க மாட்டார். கடவுள் மூச்சுத் திணறிச் செத்தால் விசாரணைக் குழு போட வேண்டியதில்லை, படம் மாட்டினால் போதும். மனிதரைக் கடவுளாக்குவது அவருக்குத் தரப்படும் மரியாதை என்று நாம் நம்புகிறோம். நடைமுறையில் அது அவருக்குச் சேர வேண்டிய உரிமைகள் அனைத்தையும் ஒரே கும்பிடில் பறித்துக்கொள்கிறது.

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடி விபத்து நடந்தால் என்ன கேட்கிறோம்? உரிமம் இருந்ததா, ஒரே அறையில் எத்தனை பேரை உட்கார வைத்தார்கள், போர்மேன் எங்கே என்று கேட்கிறோம். வழக்குப் பதிவாகிறது, உரிமையாளர் கைதாகிறார். செத்தவர்கள் தேசத்துக்காக உயிர் கொடுத்தார்கள் என்று யாரும் பேசுவதில்லை. ஏனென்றால் அது பணியிட விபத்து என்று நமக்குத் தெரியும். என்-95 முகக்கவசம் இல்லாமல் கொரோனா வார்டுக்குள் அனுப்பப்பட்ட செவிலியரின் மரணம் மட்டும் எந்தக் கணக்கில் தியாகம் ஆகிறது? அதுவும் பணியிட விபத்துதான். வெடிமருந்துக்குப் பதில் கிருமி. முதலாளி இடத்தில் அரசோ தனியார் மருத்துவமனையோ ஒப்பந்த நிறுவனமோ இருக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

2020 ஜனவரி முதல் 2021 மே வரையான காலத்தில் உலகெங்கும் 80,000 முதல் 1,80,000 வரையிலான மருத்துவ, பராமரிப்புப் பணியாளர்கள் கொரோனாவால் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இரண்டு எண்களுக்கும் இடையே ஒரு லட்சம் உயிர்கள். அவர்கள் இருந்தார்களா இறந்தார்களா என்பதையே உலகத்தால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உலகில் ஒரு லட்சம் பேர் வேலை செய்யும் இடத்தில் செத்து, அவர்கள் எத்தனை பேர் என்றே தெரியாமல் போகும் தொழில் வேறு எது?

இங்கே ஒருவர் எழுந்து நியாயம் பேசுவார். அந்தத் தொழிலைத் தெரிந்துதானே தேர்ந்தெடுத்தார்கள், ஆபத்து அதோடு சேர்ந்ததுதானே என்பார். முதலில், தேர்ந்தெடுத்தார்கள் என்பதே பாதி உண்மை. விரும்பி எம்.பி.பி.எஸ். படித்தவருக்கு அது பொருந்தலாம். விடியற்காலை நாலரை மணிக்குத் தள்ளுவண்டியோடு தெருவில் இறங்கும் தூய்மைப் பணியாளருக்குப் பொருந்துமா? அவருடைய தாயும் அதே வேலையைச் செய்தார், பாட்டியும் செய்தார். அவர்களைக் கேட்காமல் பிறப்பு அந்த வேலையைத் தேர்ந்தெடுத்தது. நோயாளி வீட்டு வாசலில் கிடந்த முகக்கவசத்தையும் கையுறையையும் வெறுங்கையால் பொறுக்கியவரிடம், இது நீ விரும்பி ஏற்ற ஆபத்து என்று சொல்வதும், அது உன் தலையெழுத்து என்று சொல்வதும் ஒன்றே. தலையெழுத்தை எதிர்த்து ஒரு நூற்றாண்டு பேசிய மண் இது. அந்தப் பழைய நஞ்சு, தொழில் தர்மம் என்ற புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் அடையாளம் தெரியாமல் போய்விடுமா?

அடுத்து, விரும்பியே வந்தவர் என்றாலும் அவர் ஏற்றுக்கொண்டது நோயாளியைக் கவனிக்கும் கடமையை. தவிர்க்கக்கூடிய மரணத்தை அவர் ஏற்கவில்லை. தவிர்க்க முடியாத ஆபத்து வேறு, தவிர்க்காமல் விட்ட ஆபத்து வேறு. முதலாவதை ஏற்பவருக்குத் துணிவு வேண்டும். இரண்டாவதை அவர்மேல் சுமத்துபவருக்குத் தண்டனை வேண்டும்.

தவிர்க்க முடிந்ததா, யாருக்குத் தெரியும், அது புதுக் கிருமி அல்லவா என்று கேட்பார்கள். தெரிந்திருக்க வேண்டும் என்பதற்குச் சான்று பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தது.

2003 மார்ச் 7. ஹாங்காங்கிலிருந்து புறப்பட்ட சார்ஸ் நோய், கனடாவின் இரண்டு நகரங்களில் ஒரே நாளில் மருத்துவமனை வாசலை எட்டியது. வான்கூவரில் நோயாளியைப் பார்த்த உடனே தனிமைப்படுத்தினார்கள், பணியாளர்கள் உயர்ந்த பாதுகாப்போடு அணுகினார்கள். நோய் அங்கே பெரிதாகப் பரவவில்லை. டொராண்டோவில் நோயாளி அவசரப் பிரிவில் மற்றவர்களோடு பல மணி நேரம் காத்திருந்தார். அந்த மாகாணத்தில் ஏறக்குறைய 375 பேருக்கு நோய் வந்தது, 44 பேர் இறந்தார்கள். தொற்றியவர்களில் 72 சதவீதத்தினருக்கு மருத்துவமனை போன்ற சிகிச்சை இடங்களிலேயே தொற்றியது. இறந்தவர்களில் இரண்டு செவிலியர்களும் ஒரு மருத்துவரும் உண்டு.

அதை விசாரித்த நீதிபதி ஆர்ச்சி கேம்ப்பெல் தன் இறுதி அறிக்கையில் அழுத்திச் சொன்ன பாடம் ஒன்று. ஆபத்தைக் குறைக்கும் நியாயமான நடவடிக்கை, அறிவியல் முழு உறுதி சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது. கிருமி எப்படிப் பரவுகிறது என்று ஆய்வாளர்கள் வாதாடிக்கொண்டிருக்கலாம். அந்த வாதம் முடியும்வரை செவிலியருக்கு நல்ல முகக்கவசம் கொடுத்துவிடு என்பதே அதன் சாரம்.

2020-இல் உலகம் அந்த அறிக்கையைத் திறந்தே பார்க்கவில்லை. மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம், கொரோனா காற்றில் பரவும் நோய் அல்ல என்று உறுதியாக அறிவித்தது. இருமும்போது தெறிக்கும் துளிகள்தாம் காரணம், சாதாரண அறுவை சிகிச்சை முகக்கவசம் பெரும்பாலான பணிகளுக்குப் போதும் என்ற வழிகாட்டல் உலகெங்கும் போனது. ஜூலையில் 239 அறிவியலாளர்கள் ஒன்றுசேர்ந்து, காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் வழியாகவும் இது பரவுகிறது, கவனியுங்கள் என்று எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனம் அதைத் தன் பொது விளக்கத்தில் தெளிவாகச் சேர்க்க 2021 ஏப்ரல் இறுதி ஆனது. அதற்குள் ஓராண்டு போய்விட்டது. அந்த ஓராண்டில் ஜன்னல் அடைத்த வார்டுகளில் எத்தனை பேர் மெல்லிய நீலத்துணியை நம்பி மூச்சு விட்டிருப்பார்கள்!

பகுத்தறிவு பேசுகிற நாம் இங்கே நின்று யோசிக்க வேண்டும். ஆதாரம் எங்கே என்று கேட்பது நம் ஆயுதம். அந்த ஆயுதத்தையே எளியவர்மீது திருப்ப முடியும் என்பதை இந்தப் பெருந்தொற்று காட்டியது. ஆபத்து இருக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். ஆபத்து இல்லை என்பதற்கு ஆதாரம் இருந்ததா? அதை யாரும் கேட்கவில்லை. ஆதாரம் இல்லாத நேரத்தில் தவறு நேர்ந்தால் யார் தலையில் விழும் என்று பார்த்து முடிவெடுப்பதுதான் அறிவு. தேவையில்லாமல் என்-95 கொடுத்துவிட்டால் அரசுக்குச் சில நூறு ரூபாய் நட்டம். தேவையிருந்தும் கொடுக்காமல் விட்டால் ஒரு குடும்பத்துக்குத் தாய் நட்டம். இரண்டு தவறுகளையும் ஒரே தராசில் வைத்தவர்கள் அறிவியலின் பேரால் பேசினாலும் அறிவோடு பேசவில்லை.

அதே நேரத்தில் இன்னொரு பக்கம், ஆதாரம் இல்லாமலே ஒரு மாத்திரை கொடுக்கப்பட்டது. 2020 மார்ச் இறுதியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நோய் வராமல் தடுக்க மருத்துவப் பணியாளர்கள் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் உட்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தது. முதல் நாள் 400 மில்லிகிராம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. அந்த மாத்திரை கொரோனாவைத் தடுக்காது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. முகக்கவசத்துக்கு ஆதாரம் கேட்டவர்கள் மாத்திரைக்குக் கேட்கவில்லை. மாத்திரை மலிவு என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. 2021 மே மாதம் கோவை இருகூரில் 'கொரோனா தேவி'க்குச் சிலை வைத்துப் பூசை செய்தபோது சிரித்தவர்கள் பலர். கடிதத் தலைப்பும் முத்திரையும் போட்டு வருகிற நம்பிக்கையையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டாமா?

பணியிடப் பாதுகாப்பு என்பது மறைபொருள் எதுவும் இல்லை. தொழிற்சாலைப் பாதுகாப்பு படித்த எவரும் அதன் படிகளைச் சொல்வார்கள். முதலில் ஆபத்தையே அகற்று. முடியாவிட்டால் இடத்தை மாற்றி அமை: காற்றோட்டம், தடுப்பு, தனி வழி. அடுத்து வேலை முறையை மாற்று: நேரத்தைக் குறை, ஆள்களைச் சுழற்சியில் விடு. இவ்வளவும் செய்த பிறகு, எஞ்சியிருக்கும் ஆபத்துக்காகக் கடைசியாக உடம்பில் கவசம் போடு. காற்றில் பரவும் நோய்க்கான தனி அறையில் ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு முறை காற்று முழுதாக மாற வேண்டும் என்று விதி இருக்கிறது. நம் ஊர் அரசு மருத்துவமனை வார்டில் காற்று மாறுகிறதா என்று அளந்து பார்க்கும் கருவியாவது இருக்கிறதா?

நாம் படிக்கட்டைத் தலைகீழாக ஏறினோம். கடைசிப் படியான கவச உடையையே முழுத் தீர்வாகக் காட்டினோம். அந்த உடைக்குள் என்ன நடந்தது? சென்னையின் மே மாத வெயிலில், ஏசி நிறுத்தப்பட்ட வார்டில், காற்றுப் புகாத உடைக்குள் ஆறு மணி நேரம். சிறுநீர் கழிக்க உடையைக் கழற்றினால் புதுக் கிட் வேண்டும் என்பதால் டூட்டிக்கு முன் தண்ணீர் குடிக்காமல் போனவர்கள் உண்டு, டயப்பர் கட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. மாதவிடாய் நாள்களில் அதே உடை, அதே ஆறு மணி நேரம். கண்ணாடியில் ஆவி படிந்து ஊசி போடும் நரம்பு தெரியாமல் தடுமாறியவர்கள் உண்டு. உடையை அணியும்போது வராத தொற்று, களைத்துப்போய்க் கழற்றும்போது வருகிறது. முகத்தோடு பொருந்தாத என்-95 பெயருக்கு மட்டுமே என்-95. பொருந்துகிறதா என்று ஒவ்வொருவருக்கும் சோதித்துப் பார்ப்பது அடிப்படை விதி. எத்தனை மருத்துவமனைகளில் அதைச் செய்தார்கள்?

ஆபத்தை வெளியே பேசியவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் பதிவில் இருக்கிறது. சீனாவின் ஊகானில் மருத்துவர் லீ வென்லியாங் சக மருத்துவர்களை எச்சரித்ததற்காக 2020 ஜனவரி 3 அன்று காவல்துறையால் கண்டிக்கப்பட்டார். பிப்ரவரி 7 அன்று அதே நோயில் இறந்தார். சீனா சர்வாதிகார நாடு, அப்படித்தான் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆந்திராவின் நர்சீபட்டினத்தில், எங்களுக்கு முகக்கவசம் இல்லை என்று கேமரா முன் பேசிய அரசு மயக்கவியல் மருத்துவர் அந்த ஏப்ரலிலேயே பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். குறையைச் சொன்னவரைத் தண்டித்தால் குறை யாருக்கும் தெரியாமல் போகும். கிருமிக்கு மட்டும் அது தெரிந்திருக்கும்.

நம்மையும் விட்டுவிட முடியாது. 2020 ஏப்ரல் 19 இரவு, கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யக் கொண்டுபோனபோது சென்னையில் ஒரு கூட்டம் கல்லும் கட்டையுமாகத் தாக்கியது. ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது, உடன் சென்றவர்கள் இரத்தம் சொட்ட ஓடினார்கள். சக மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் தன் கையாலேயே மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். நான்கு வாரங்களுக்கு முன் கை தட்டியதும் இதே நகரம்தான். செவிலியர்களை வாடகை வீட்டிலிருந்து காலி செய்யச் சொன்னவர்களும் அகல் ஏற்றியவர்களே. வழிபாட்டுக்கும் தீண்டாமைக்கும் இடையே உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. இரண்டிலும் எதிரே நிற்பவரை நம்மைப் போன்ற மனிதராக நாம் பார்ப்பதில்லை.

மூன்று நாள்களில், ஏப்ரல் 22 அன்று, 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் வந்தது. மருத்துவப் பணியாளருக்குக் கொடுங்காயம் விளைவித்தால் ஏழு ஆண்டு வரை சிறை. சரியான சட்டம். ஆனால் முகக்கவசம் தராமல் அவரை வார்டுக்குள் அனுப்பிய நிர்வாகத்துக்கு அந்தத் திருத்தத்தில் ஒரு நாள் சிறைகூட இல்லை. தெருவில் கல்லெறிந்தவன் குற்றவாளி. அலுவலகத்தில் கோப்பைக் கிடப்பில் போட்டவர் அதிகாரி.

பாராட்டு முடிந்த பின் என்ன கிடைத்தது என்றும் பாருங்கள். 2005 முதல் வீடு வீடாக நடக்கும் ஆஷா பணியாளர்கள் நாட்டில் ஏறக்குறைய பத்து லட்சம் பெண்கள். கொரோனா வேலைக்கென அவர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கப்பட்டது மாதம் 1,000 ரூபாய். பாதுகாப்புக் கவசமும் ஊதியமும் கேட்டு 2020 ஆகஸ்டில் லட்சக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது கொடுத்தது. அப்போதும் அரசின் கணக்கில் அவர்கள் ஊழியர்கள் இல்லை, தன்னார்வலர்கள். தமிழ்நாட்டில், 2020-இல் கொரோனாவுக்கென ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடித்து வைக்கப்பட்டது. முன்களப் பணியாளர்கள் என்று புகழப்பட்ட சென்னைத் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுக்காதீர்கள் என்று 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். ஆபத்து வந்தால் அவர்கள் நம் காவல் தெய்வங்கள். ஆபத்து போனால் ஒப்பந்தம் முடிந்தவர்கள்.

அவசர காலத்தில் இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு மேற்கு ஆப்பிரிக்காவைக் காட்டுகிறேன். 2014-இல் பரவிய எபோலாவில் லைபீரியா தன் மருத்துவர், செவிலியர், மருத்துவச்சிகளில் எட்டு சதவீதத்தை இழந்தது. அந்த இழப்பால் அங்கே பிரசவ மரணங்கள் இரு மடங்குக்கும் மேலாகக் கூடலாம் என்று உலக வங்கி ஆய்வாளர்கள் கணித்தார்கள். கொள்ளைநோய் ஓய்ந்த பிறகும் ஒரு செவிலியரின் மரணம் தொடர்ந்து ஆளைக் கொல்கிறது. கவசம் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பதுதான் செலவு.

செய்ய முடியும் என்பதற்குப் பக்கத்து மாநிலமே சான்று. 2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவில், நிபா என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி இறந்தார். கேரளம் அவருக்காக அழுதது. அழுததோடு நிற்காமல் கற்றுக்கொண்டது. சந்தேகம் வந்த உடனே தனிமைப்படுத்துவது, தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடிப்பது, பணியாளருக்கு முதல் நிமிடத்திலிருந்தே கவசம் என்று நடைமுறை வகுத்தது. 2019-இல் எறணாகுளத்தில் ஒரு மாணவருக்கு நிபா வந்தபோது அவரும் பிழைத்தார், வேறு ஒருவருக்கும் பரவவில்லை. லினிக்கு அதைவிடப் பெரிய அஞ்சலி இல்லை.

கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. பணியில் தொற்றி இறந்த ஒவ்வொருவரின் மரணத்தையும் பணியிட மரணமாகப் பதிய வேண்டும், விசாரிக்க வேண்டும், விவரத்தை வெளியிட வேண்டும். தொற்று வேலையில்தான் வந்தது என்று விதவை நிரூபிக்க வேண்டிய நிலை மாறி, வேலையில் வரவில்லை என்று நிர்வாகம் நிரூபிக்க வேண்டும். கவசம் இல்லாத இடத்துக்குள் நுழைய மறுக்கும் உரிமையும் குறையை வெளியே சொல்லும் உரிமையும் சட்டமாக வேண்டும். மருத்துவருக்கு உள்ள அதே பாதுகாப்பு, வார்டு கழுவும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் மயானப் பணியாளருக்கும் வேண்டும். கிருமிகளிலிருந்து தொழிலாளர்களைக் காக்கவென்றே 2025 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 192-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியிருக்கிறது. இந்தியா அதை ஏற்று ஒப்புதல் அளிக்க வேண்டும்.

இதை அவர்களே போராடிப் பெற்றுக்கொள்ளட்டும் என்று ஒதுங்காதீர்கள். அவர்கள் மூச்சுதான் நாளை உங்கள் மூச்சு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்-95 எவ்வளவு இருப்பில் இருக்கிறது, தூய்மைப் பணியாளர்களுக்குக் கடைசியாக எப்போது கையுறை கொடுக்கப்பட்டது, கொரோனாவில் இறந்த பணியாளர்களின் குடும்பங்களுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய். பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.